செம்புக்கு வயசாகுமா?

விலை கூடிய ஸ்பீக்கர் கேபிள் விற்கும் கடைகளில் ஒரு வசனம் உண்டு. "செம்பு இன்னும் பழகல பாஸ். ஒரு 200 மணி நேரம் பாட்டு ஓடட்டும். உள்ள இருக்கிற படிகமெல்லாம் அடங்கி ஒழுங்காகும். அப்புறம் கேட்டுப் பாருங்க, குரலே வேற மாதிரி இருக்கும்."

வானொலியில் வேலை என்பதால், இதெல்லாம் உண்மையா என்று கேட்டு எனக்குச் செய்தி வருவதுண்டு. பாட்டுப் போடுகிறவருக்குப் பாட்டு ஓடுகிற கம்பியைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்பது நேயர்களின் நம்பிக்கை. அண்மையில் கேட்டவர் 67 வயதுக்காரர். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பாட்டுகளை நல்ல கருவியில் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சேமநிதியில் எடுத்த பணத்தில் பிளேயர், அம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கியவர், கடைசியில் 3,800 வெள்ளிக்கு ஒரு ஜோடி கேபிளும் வாங்கிவிட்டார். ஒரே படிகத்தால் ஆன செம்பாம். பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் திருப்பித் தரலாமாம். நாளைக்கு 8 மணி நேரம் பாட்டு ஓடினாலும் 200 மணி நேரம் முடிய 25 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"மூணு மாசம் ஆச்சும்மா. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. கேபிள்ல குறை இல்ல, என் காதுதான் போயிருச்சு போலிருக்கு" என்றார்.

எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம்தான். பணம் போனது ஒரு பக்கம். ஆசை ஆசையாய்ப் பாட்டுக் கேட்கிற மனிதர் தன் காதையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அவருடைய காதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. செம்புக்குத் தரலாம்.

உலோகத்துக்குள் ஏது படிகம் என்று நினைப்பவர்கள், துத்தநாகம் பூசிய வாளியையோ புது ஜிங்க் தகட்டையோ வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலுமாகப் பூப்பூவாய்த் தெரியுமே, அந்த ஒவ்வொரு பூவும் ஒரு படிகம். செம்பும் அப்படித்தான். அதன் மணிகள் மிகப் பொடிசு என்பதால், மெருகேற்றி அமிலம் தடவி நுண்ணோக்கியில் வைத்தால்தான் கண்ணுக்குப் படும். சாதாரணக் கம்பியில் ஒரு மணியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் சின்னச் சின்னக் கனசதுரங்களாக அழகாய் அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் மணிக்கு மணி அந்த அடுக்கு வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது மாதிரி.

இப்போது அந்தச் செம்பை அடிக்கிறோம், இழுக்கிறோம், வளைக்கிறோம். அணுக்களின் அடுக்கு மொத்தமாக ஒரே நேரத்தில் நகர்வதில்லை. கூடத்தில் விரித்த பெரிய கம்பளத்தை அப்படியே இழுக்கப் பார்த்தால் அசையாது. ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் கம்பளம் சுலபமாக நகரும். செம்புக்குள்ளும் அப்படிப்பட்ட மடிப்புகள் ஓடுகின்றன. அவற்றைப் பிசகு என்று அழைப்போம். டெய்லர், ஒரோவான், பொலான்யி என்ற மூன்று அறிஞர்கள் 1934-இல் தனித்தனியாக இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடிக்க அடிக்கப் பிசகுகள் பெருகும். பெருகியவை ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு எதுவும் எளிதில் நகராது, செம்பு இறுகிவிடும். நன்றாக அடிபட்ட செம்பில், ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிசகுக் கோடுகளை உருவி நீளமாகக் கோத்தால் பத்து லட்சம் கிலோமீட்டர்கூட வரும். நிலவுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும்.

இதைக் கையாலேயே உணரலாம். ஏர்கோன் பொருத்த வருகிறவரிடம் கேட்டு, மீந்துபோன செம்புக் குழாயில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுருளாக வருவதால் அது மெத்தென்றுதான் இருக்கும். முதல் தடவை விரலாலேயே வளைக்கலாம். நிமிர்த்திவிட்டு மறுபடி வளைத்தால் முரண்டு பிடிக்கும். மூன்றாவது, நான்காவது தடவை வேறு இடத்தில் மடங்குமே தவிர, அந்த இடத்தில் மடங்காது. அனுபவப்பட்ட ஆள் என்ன செய்வார் தெரியுமா? இறுகிய முனையை டார்ச்சில் லேசாகச் சிவக்கும்வரை காட்டுவார். ஆறியதும் குழாய் பழையபடி இளகியிருக்கும். இரும்பு என்றால் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகிப்போகும். செம்புக்கு அந்தப் பயமில்லை, முக்கினாலும் இளக்கம் இளக்கம்தான். பாத்திரம் அடிக்கும் கன்னார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததும் இதைத்தான்: கொஞ்சம் அடி, இறுகியதும் காய்ச்சு, மறுபடி அடி. காய்ச்சாமல் அடித்துக்கொண்டே போனால் விளிம்பு வெடித்துவிடும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

அந்தச் சூட்டில் உள்ளே நடப்பதுதான் அழகு. அடித்த அடியில் பெரும்பகுதி அப்போதே வெப்பமாகிப் போயிருக்கும். ஒரு சிறு பகுதி மட்டும் பிசகுகளின் சிக்கலாக உள்ளே தங்கியிருக்கும். சூடு காட்டியதும், சிக்கல் அதிகமுள்ள இடங்களில் பிசகு இல்லாத புதுப் படிகங்கள் முளைத்து, நசுங்கிய பழைய மணிகளைத் தின்றுகொண்டே வளரும். பழைய செம்பே, ஆனால் உள்ளே முழுக்கப் புதுக் குடித்தனம்.

வேலை செய்த செம்பில் இன்னொரு மாற்றமும் உண்டு. கேபிள் வியாபாரிகள் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். கம்பியாக இழுக்கும்போது மணிகள் நீள்வதோடு நிற்பதில்லை, திரும்பவும் செய்கின்றன. முன்பு ஆளுக்கொரு பக்கம் பார்த்த கனசதுரங்களில் பல, மூலையோ விளிம்போ கம்பியின் நீளவாக்கில் வருமாறு ஒரே திசைக்குச் சாய்ந்துவிடும். ஆசிரியர் வகுப்புக்குள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடாக உருட்டினால் ஒரு வகைச் சாய்வு. கடுமையாக உருட்டிய அதே தகட்டைக் காய்ச்சினால், கனசதுரங்கள் எல்லாம் செங்கல் அடுக்கியதுபோல் தகட்டோடு தகடாகப் படுத்துவிடும் இன்னொரு வகைச் சாய்வு. இது வெறும் ஆய்வகச் சங்கதி இல்லை. அப்படிச் சாய்ந்த தகட்டை அச்சில் அழுத்தி டம்ளர் செய்தால், வாய் விளிம்பு சமமாக வராது. நான்கு இடத்தில் காது மாதிரி மேலெழும்பி நிற்கும். தொழிற்சாலையில் அதை வெட்டிச் சமன்செய்துதான் அனுப்புகிறார்கள்.

ஆக, செம்புக்குள் படிகம் இருப்பது உண்மை. அது சாய்வதும் திரும்புவதும் புதிதாய் முளைப்பதும் உண்மை. கடைக்காரர் சொன்ன சொற்கள் எல்லாமே உண்மையானவை. கேள்வி ஒன்றுதான்: சும்மா இருக்கும்போது, நாள் போகப் போக, தானாக இது நடக்குமா?

வரலாற்றிலேயே இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். தொலைபேசி வந்த புதிதில் கம்பங்களுக்கு நடுவே பெரும்பாலும் இரும்புக் கம்பிதான் கட்டினார்கள். செம்பு நன்றாகக் கடத்தும். ஆனால் இளகிய செம்பு தன் எடையிலேயே நீண்டு தொங்கிவிடும். 1877-இல் அமெரிக்காவில் தாமஸ் டூலிட்டில் என்பவர், செம்பைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து, காய்ச்சாமல் அந்த இறுக்கத்தோடு அப்படியே பயன்படுத்தினார். கம்பி தொங்கவில்லை. அதற்குப் பிறகு உலகமெங்கும் இறுகிய செம்புக் கம்பிகள் வெயிலிலும் மழையிலும் பல பத்தாண்டுகள் கம்பங்களில் நின்றன. காலம் போகப் போகச் செம்பு தானாக அடங்கிப் பழகும் என்றால், அத்தனை கம்பியும் என்றைக்கோ இளகித் தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமா? 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையருகே, பனி உருகிய இடத்தில் ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் அவருடைய கோடரியும் கிடந்தது: மரப்பிடி, தோல்வாரால் கட்டிய அலகு, எல்லாம் அப்படியே. அலகின் நீளம் 9.5 சென்டிமீட்டர்; ஏறத்தாழ முழுக்கச் செம்பு. இப்போது இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கோடரி எப்படிச் செய்யப்பட்டது என்று அறிய வேண்டும். ஆனால் அதை வெட்டிப் பார்க்க யார் மனம் வரும்? கில்பர்ட்டோ ஆர்த்தியோலி என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நியூட்ரான் கற்றையை அதன் மேல் செலுத்தினார்கள். நியூட்ரான்கள் உலோகத்துக்குள் ஆழமாகப் புகுந்து, படிகங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்ற செய்தியோடு சிதறி வரும். பொருளில் கீறல்கூட விழாது. கிடைத்த பதில்: அச்சில் வார்த்த கோடரி அது, வார்த்த பிறகு பெரிதாக அடித்து இறுக்கவில்லை. அதே முறையில் பார்த்த வேறு சில பழங்காலக் கோடரிகளில் சம்மட்டி அடியின் தடம் தெளிவாகவே கிடைத்தது. செய்தவரின் பெயர் தெரியாது, மொழி தெரியாது. ஆனால் எத்தனை அடித்தார், அடித்தாரா இல்லையா என்பது மட்டும் செம்புக்குள் பதிவாகி அப்படியே கிடக்கிறது. ஒலிப்பதிவு நாடாவைத் தொழிலாகப் பார்த்த எனக்கு இது பெரிய ஆச்சரியம். நாங்கள் சேர்த்து வைத்த நாடாக்கள் முப்பது வருடத்திலேயே பிசுபிசுத்துப் போகின்றன.

பனிக்குள் கிடந்ததால்தான் மாறவில்லை என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான சந்தேகம். ஆனால் வெயில் நாடுகளில் மண்ணுக்குள் கிடந்த பழஞ்செம்புப் பொருள்களிலும் அடித்த தடங்களைத் தொல்லியல் ஆய்வாளர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காரணம் வெப்பத்தின் கணக்கு. புதுப் படிகம் முளைக்க அணுக்கள் இடம் மாற வேண்டும். வெப்பம் ஏற ஏற அந்த வேகம் பல மடங்காகப் பெருகும், இறங்க இறங்க அதே மாதிரி வற்றும். நன்றாக அடிபட்ட சாதாரணச் செம்புக்கு 200 டிகிரி செல்சியசுக்கு மேலே போனால் கொஞ்ச நேரத்தில் முடிகிற காரியம், நம் ஊர் 32 டிகிரியில் மனித வரலாற்றுக் காலத்துக்குள் முடிவதில்லை. செம்பில் துளி வெள்ளி கலந்துவிட்டால் அது இளகத் தேவையான வெப்பம் இன்னும் ஏறிவிடும்.

விதிவிலக்கு உண்டு. மறைத்தால் நான் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. மிக மிகத் தூய்மையான செம்பை மிகக் கடுமையாக உருட்டினால், அறை வெப்பத்திலேயே மாதக் கணக்கில், வருடக் கணக்கில் அது மெல்ல இளகக்கூடும். அதைவிடச் சுவையான விதிவிலக்கு உங்கள் கைப்பேசிக்குள் இருக்கிறது. சில்லுகளுக்குள் மின்சாரம் ஓட முன்பு அலுமினியத் தடங்கள் இருந்தன. 1997-இல் ஐபிஎம் நிறுவனம் செம்புத் தடங்களுக்கு மாறுவதாக அறிவித்தது. பிறகு மற்றவர்களும் மாறினார்கள். அந்தச் செம்பை உருக்கி ஊற்றுவதில்லை, மின்முலாம் பூசுவதுபோலப் படிய வைக்கிறார்கள். புதிதாகப் படிந்த செம்பில் மணிகள் நுணுக்கிலும் நுணுக்கு. யாரும் தொடாமல், சூடு காட்டாமல் மேசையில் வைத்திருந்தால் போதும். சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் அந்த மணிகள் தாமாகவே பல மடங்கு பெரிதாகி, மின்தடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தொழிற்சாலைக்காரர்களுக்கு அத்தனை நாள் பொறுமை இல்லாததால் கொஞ்சம் சூடு காட்டி வேலையை உடனே முடித்துக்கொள்கிறார்கள்.

பார்த்தீர்களா, செம்பு தானாகப் பழகுவது நடக்கத்தான் செய்கிறது. எங்கே? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள படலத்தில். ஸ்பீக்கர் கேபிளில் அல்ல. அரை உண்மைக்கு எப்போதும் எங்கேயாவது ஒரு முழு உண்மை உறவினர் இருக்கும்.

கேபிளுக்கு வருவோம். வளைந்து நெளிய வேண்டிய கேபிளின் செம்பு இழைகளைத் தொழிற்சாலையிலேயே காய்ச்சி இளக்கித்தான் முறுக்குகிறார்கள். உள்ளே அடங்கப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அப்படியே மிச்சம் இருந்தாலும், பாட்டு ஓடும்போது கேபிள் கைக்குச் சூடுகூடத் தெரியாது. சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்குமேல் வேலை செய்யும்படி செய்யப்பட்டதல்ல. படிகம் புதிதாய் முளைக்கும் அளவுக்குச் செம்பைச் சூடாக்கினால், அதற்கு முன்பே உறை உருகிக் கம்பளத்தில் ஒழுகியிருக்கும்.

சரி, இறுகிய செம்புக்கும் இளகிய செம்புக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வித்தியாசம்? இளகிய செம்பின் கடத்துத்திறனை 100 என்று 1913-இல் உலக அளவுகோலாக வைத்தார்கள். அந்த அளவில், நன்றாக இழுத்து இறுக்கிய கம்பி ஏறத்தாழ 97. கிடைக்கக்கூடிய வித்தியாசம் அந்த மூன்றே மூன்றுதான். இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்: செம்பு ஒரு டிகிரி சூடானால் அதன் மின்தடை 0.4 விழுக்காடு கூடும். 24 டிகிரி ஏர்கோன் அறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏர்கோனை அடைக்கிறீர்கள். அறை 32 டிகிரிக்கு வருகிறது. உங்கள் கேபிள் அதே மூன்று விழுக்காட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. பாடகரின் குரல் மாறியதா? வேர்த்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் எதுதான் முக்கியம் என்றால், கம்பியின் கனம். அம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர் உள்ள கம்பிக்கு அந்த நீளத்தில் மின்தடை 0.07 ஓம். அரைச் சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பி என்றால் 0.34 ஓம். எதிரே 8 ஓம் ஸ்பீக்கர். படிகத்தால் கூடிக் குறைவது 0.002 ஓம். கனமான சாதாரணக் கம்பி மீட்டர் சில வெள்ளிக்கு மின்சாமான் கடையில் தொங்குகிறது.

ஒரே படிகச் செம்பு என்பது பொய்யா என்றால் அதுவும் இல்லை. அட்சுமி ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர், அச்சையே சூடாக வைத்து, செம்பு சுவரில் உறையாமல் மெதுவாக வெளிவந்து உறையும்படி செய்து, ஒரே படிகமாக நீண்ட கம்பி வார்க்க வழி கண்டார். அருமையான வேலை. ஆனால் அந்தத் தடித்த கம்பியை மெல்லிய இழையாக இழுத்தாக வேண்டுமே? இழுத்தால் பிசகு நிரம்பி இறுகும். இளக்கக் காய்ச்சினால் புதுப் படிகங்கள் பலவாக முளைக்கும். இரண்டில் எதைச் செய்தாலும் பெட்டியின் மேல் அச்சடித்த பெயரோடு முழுசாக வீட்டுக்கு வந்து சேராது. இன்னொன்று, அறை வெப்பத்தில் எலெக்ட்ரான் எதிலும் முட்டாமல் ஓடும் தூரமே 40 நானோமீட்டர்தான். ஒரு மணியைக் கடப்பதற்குள் அது ஏறக்குறைய 500 தடவை அதிரும் அணுக்களோடு முட்டியிருக்கும். மணியின் எல்லை வந்தால் அதற்கு அது 501-ஆவது முட்டல். சில்லுக்குள் மணியே அவ்வளவு சிறிசு என்பதால்தான் அங்கே அது பெரிய விஷயமாகிறது.

அந்த ஐயாவுக்கு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பழைய கம்பியையும் புதுக் கம்பியையும் மருமகனை விட்டு மாற்றி மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள், எது என்று உங்களிடம் சொல்லக் கூடாது, நீங்கள் கண்டுபிடியுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை. மருமகனுக்குத் தெரியவில்லை. 12 வயதுப் பேரனுக்கும் பிடிபடவில்லை. "அப்ப என் காது என் பேரன் காது மாதிரி இருக்குதும்மா" என்று சிரித்தார். பணம் திரும்பி வராது. தவணை எப்போதோ முடிந்துவிட்டது.

கம்பிக்கு மெய்யாகவே வயசாகிற இடங்கள் வேறு. நம் ஊர் ஈரக்காற்றில், கண்ணாடி மாதிரி உறை போட்ட ஸ்பீக்கர் கம்பி சில வருடங்களில் உள்ளே பச்சை பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது படிகத்தின் வேலை இல்லை, மேல்தோலின் வேலை. முனையில் ஓர் அங்குலம் வெட்டி எறிந்து, புதுச் செம்பு பளபளக்க உரித்து மறுபடி இறுக்குங்கள். செலவில்லாத வைத்தியம். திருகு தளர்ந்திருந்தாலும் கரகர என்று சத்தம் வரும், அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மற்றது, வளைவு. எங்கள் கலையகத்தில் ஹெட்போன் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வயர் பிளக்குக்குள் நுழைகிற அந்தக் கழுத்தில். ஒவ்வொரு தடவை எழுந்து உட்காரும்போதும் அங்கே ஒரு வளைவு, ஒரு நிமிர்வு. ஏர்கோன் குழாய்க்கு நடந்ததே இழை இழையாக நடக்கிறது. பிசகு சேரும், இறுகும், ஓர் இழை அறும், பாரம் அடுத்த இழைக்குப் போகும். ஒரு நாள் நேரலையில் இடது காது மட்டும் மௌனமாகும்.

ஆகவே முழங்கையில் இறுக்கிச் சுற்றிக் கட்டி வைக்காதீர்கள். மூத்த ஒலித் தொழில்நுட்பர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: கம்பியை ஒரு கையில் தொளதொளவென்று பிடித்து, முதல் சுற்றை வழக்கம்போல மேலிருந்து போட வேண்டும், இரண்டாவது சுற்றை மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாகப் போட வேண்டும், மூன்றாவது மறுபடி மேலிருந்து. ஒரு சுற்றின் முறுக்கை அடுத்த சுற்று எடுத்துவிடும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுருளை வீசினால், சிக்கலே இல்லாமல் நேராக விரிந்து போய் விழும்.